மான்கொம்பும் குடவோலையும்

சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டு சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 9ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோழவாரிதி என்னும் ஏரிக்கு விடப்பட்ட கொடையை அது சொல்கிறது. கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதியின் புகழும் அதில் உண்டு. அதே பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்தது. சோளிங்கர் ஏரியின் பின்னால் அரசர்கள் நிற்கிறார்கள். உத்திரமேரூர் ஏரியின் பின்னால் குடத்திலிருந்து பெயர் எடுக்கப்பட்ட ஆறு பேர் நிற்கிறார்கள். இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்கு உறவு தேடிப் போனால், வட அமெரிக்காவின் இரோகுவா மக்கள் எதிர்ப்படுகிறார்கள். உறவு நாம் நினைக்கும் இடத்தில் இல்லை என்பதுதான் சுவை.

வேறுபாடுகள் வெளிப்படையானவை. உத்திரமேரூர் ஒரே ஊர், பிராமணர்க்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேயம்; தலைக்கு மேல் சோழப் பேரரசு இருந்தது. இரோகுவா கூட்டமைப்போ மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயுகா, செனகா என்ற ஐந்து இனத்தார் தமக்குள் ஓயாத பழிக்குப்பழியை நிறுத்திக்கொள்ளக் கட்டியது. ஐரோப்பியர் குடியேறும் முன்பே எழுந்தது, தனக்கு மேல் எவரையும் ஏற்காதது. ஒன்று வரிநிலத்தில் காலூன்றியது, மற்றது சமாதானத்தில்.

எண்ணிக்கையை இரண்டும் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. உத்திரமேரூரில் 30 குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள். குடும்புக்கு ஒரு பெயர் குடத்திலிருந்து எடுக்கப்படும். அந்த முப்பதும் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிரண்டு, தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு என்று மிச்சமின்றிப் பிரிகின்றன. இரோகுவா அவையின் 50 இடங்களில் அப்படி எந்தச் சமநிலையும் இல்லை. மக்கள் மிகுந்த செனகாவுக்கு எட்டு, அவையின் நெருப்பைக் காக்கும் ஒனண்டாகாவுக்குப் பதினான்கு. ஆயினும் செனகாவுக்கு இதில் இழப்பில்லை. அங்கே முடிவு ஒருமனதாகவே எடுக்கப்படும், தலை எண்ணுவதில்லை. சீட்டு விழும் இடத்தில் பங்கு சமமாக இருந்தாக வேண்டும். பேசித் தீர்க்கும் இடத்தில் அது தேவைப்படவில்லை.

உறவுமுறையில்தான் இரண்டும் நேரெதிராகத் திரும்புகின்றன. இரோகுவா மக்களிடையே குலமும் வீடும் தாய்வழி. நீண்ட வீடு தாய்வழியினருக்குரியது, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளையும் வயல் பெண்கள் கையில். தலைவனின் பட்டம் குறிப்பிட்ட தாய்வழிக் குடும்பத்தின் சொத்து. அக்குடும்பத்தின் குலத்தாய் ஆளைத் தேர்ந்து, அவன் தலையில் மான்கொம்பு சூட்டச் செய்வாள். உத்திரமேரூரிலும் உறவுப் பட்டியல் உண்டு, வியக்கத்தக்க விரிவோடு உண்டு: சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று அது நீள்கிறது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனோடு சேர்த்து இத்தனை பேரையும் அது விலக்குகிறது. அங்கே உறவு பதவிக்கு வாசல், இங்கே உறவு தடை. தந்தைவழிச் சமூகம் ஒன்று, பணம் எந்தக் கைகள் வழியாகக் கசியும் என்று கணக்கிடும்போது தாய்வழி உறவையும் விடாமல் எண்ணியிருக்கிறது என்பதை நான் இந்த ஒப்பீட்டில்தான் முழுதாக உணர்ந்தேன்.

எதிரெதிரான இந்த இரண்டு வழிகளுக்கும் அடியில் இருக்கும் அச்சம் ஒன்றே: பதவி ஆளோடு ஒட்டிக்கொண்டுவிடும் என்ற அச்சம். உத்திரமேரூர் அதைக் காலத்தால் வெட்டியது. 360 நாள் பதவி. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவன் பெயர் குடத்துக்குள் போகாது. இரோகுவா முறையில் பதவி ஆயுள் முழுவதும் உண்டு, ஆனால் கொடுத்தவள் கண் மூடுவதில்லை. தலைவன் மக்கள் நலனை மறந்தால் மூன்று முறை எச்சரிக்கை. பிறகும் திருந்தாவிட்டால் கொம்பு இறக்கப்படும். அவனோடு பட்டப்பெயர் அழிவதில்லை. அடுத்தவனுக்கு அதே பெயர் சூட்டப்படும்.

கைகளைப் பற்றிய கவலையிலும் ஓர் ஒற்றுமை. உத்திரமேரூரில் விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுத்துத் தர, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பிறகு அவன் வாசிக்க, கூடியிருக்கும் நம்பிமாராகிய அர்ச்சகர்களும் வாசிப்பர். இரோகுவா அவையில் முக்கியமான சொல்லைச் சொல்பவன் வாம்பம் என்னும் சங்குமணிக் கோவையைக் கையில் ஏந்த வேண்டும்; வெறுங்கையோடு சொன்ன சொல்லுக்கு எடை இல்லை. ஒன்றில் கை காலியாகத் தெரிய வேண்டும், மற்றதில் நிறைந்து தெரிய வேண்டும். இரண்டிலும் ஊரே சாட்சி.

தம் விதியைத் திருத்தவும் இரண்டும் தயங்கவில்லை. 919இல் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 921இல் 35 முதல் 70 ஆனது. சுமார் 1722இல் டஸ்கரோரா மக்கள் ஆறாவது இனமாகச் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் அந்த 50 இடங்களில் அவர்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை.

இதனால் எந்தப் பக்கத்தையும் பழுதற்றதாகக் காட்ட எனக்கு மனமில்லை. உத்திரமேரூர்க் குடத்துக்குள் பெண் பெயர் போகவில்லை. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் இல்லாதவன் பெயரும் பொதுவாகப் போகவில்லை. இரோகுவா அவையில் பேசியவர்களும் ஆண்களே. ஆனாலும் அவர்களை உட்காரவைத்ததும் எழுப்பியதும் பெண்கள். போர் வேண்டாமென்றால், உலர்ந்த மக்காச்சோளத்தையும் தோல் காலணியையும் தர மறுத்துப் பயணத்தையே நிறுத்த அவர்களால் முடிந்தது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் நம் பெண்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம்.

என் மதிப்பீட்டில், அதிகாரத்தைத் திரும்பப் பெறும் வழியை இரோகுவா மக்கள் தெளிவாகக் கண்டார்கள். கணக்குக் கேட்கும் வழியை உத்திரமேரூர் தெளிவாகக் கண்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் சோளிங்கரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. அங்கே போய் உட்காருங்கள். ஏரிக்குச் செலவான கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைப் பெண்கள் முதலில் கேட்கட்டும்.