பீரங்கிக் குண்டும் லைசன்ஸ் கீயும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றை ஒட்டி இருப்பது செயின்ட் டேவிட் கோட்டை. இன்று மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். 1690-ல் ஆங்கிலக் கம்பெனி இதை மராத்தியரிடம் காசு கொடுத்து வாங்கியது. அப்போது மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல்.

விற்றவர் எந்த நிலைமையில் விற்றார்னு பாருங்க. 1689-ல் ஔரங்கசீப் சம்பாஜியைக் கொன்றார். தம்பி ராஜாராம் தப்பித்துச் செஞ்சிக்கு வந்தார். 1690-ல் சுல்பிகார் கானின் முகலாயப் படையும் பின்னாலேயே வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் கோட்டை விற்பனைக்கு வந்தது, யார் அதிகம் தர்றாங்களோ அவங்களுக்கு. டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் விலை கேட்டார்கள்.

ஒப்பந்தத்தின் சுவையான பகுதி எல்லைதான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகுமோ, அதுவரை நிலம் கம்பெனிக்கு. நாலு பக்கமும் சுட்டார்கள். கடலூர் ஊரே உள்ளே வந்துவிட்டது. அந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பேர்.

1698-ல் செஞ்சி முகலாயரிடம் விழுந்தது. ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார். கோட்டையை விற்றவர் போய்விட்டார், வாங்கியவர் மட்டும் இருக்கிறார். பிறகு செஞ்சிக்கு அதிகாரியாக வந்தவர் சரூப் சிங், நம்ம தேசிங்கு ராஜாவின் அப்பா. 1710-ல் பாக்கித் தகராறில் இரண்டு ஆங்கில அதிகாரிகளைப் பிடித்துச் செஞ்சியில் அடைத்தார். சண்டை மூண்டது. 1712-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் வந்துதான் சமாதானம்.

இதை இப்போ ஏன் எழுதறேன்னா, சிதம்பரத்தில் பிராஜெக்ட் பண்ற பசங்க அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, விண்டோஸ் கீ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே, வாங்கலாமா? ஆக்டிவேட் ஆகுதே!"

ஆகும். குண்டும்தான் போய் விழுந்தது. ஆனா கீ வேறு, லைசன்ஸ் வேறு. கீ என்பது வெறும் எழுத்துச் சரம். அதைப் பயன்படுத்தும் உரிமைதான் லைசன்ஸ். மலிவுக் கீகளில் பல, ஏதோ ஒரு நிறுவனமோ கல்லூரியோ மொத்தமாக வாங்கிய வால்யூம் லைசன்ஸிலிருந்து கசிந்தவை. ஒரே கீயைப் பல பேருக்கு விற்பார்கள். சில, திருட்டுக் கிரெடிட் கார்டில் வாங்கியவை. கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் கீ ரத்தாகும். ஆறு மாசம் கழித்து உங்க கம்ப்யூட்டர் 'இது அசல் இல்லை' என்று சொல்லும்போது, விற்றவர் கடையை மூடிட்டுப் போயிருப்பார், ராஜாராம் மாதிரி.

ஒரு வித்தியாசம் உண்டு. கம்பெனி தன் கோட்டையைத் தக்கவைத்தது. 1746-ல் மெட்ராஸ் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். காகிதம் பலவீனமாக இருந்தாலும் பீரங்கியும் படையும் இருந்தன. நம்மிடம் என்ன இருக்கு? பில் மட்டும்தான். அதனால் விற்பவர் அங்கீகாரம் பெற்றவரா, பேர் போட்ட பில் தருவாரா என்று முதலில் கேளுங்க. இல்லைன்னா கல்லூரி தரும் மாணவர் லைசன்ஸ், லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் இருக்கவே இருக்கு. இதையெல்லாம் யாரும் பிடுங்க வரமாட்டாங்க.