தாஜ் வெஸ்ட் எண்ட், பெங்களூரு

பெங்களூரு ரேஸ் கோர்ஸ் சாலையில், குதிரைப் பந்தயத் திடலுக்கு எதிரே சுமார் 20 ஏக்கர் தோட்டத்துக்குள் இருக்கும் சொகுசு ஹோட்டல். 1887-இல் பிரான்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பத்து அறைகளோடு நடத்திய தங்கும் விடுதியிலிருந்து வளர்ந்தது.

அத்தகைய விடுதிக்கு அன்று தேவை இருந்தது. பிரிட்டிஷ் படையினர் 1809-இல் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தார்கள்; 1864-இல் ஜோலார்பேட்டை வழியாகச் சென்னையோடு ரயில் தொடர்பும் கிடைத்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரின் குளுமை, சென்னை வெயிலில் வாடிய வெள்ளையரை இழுத்தது. 1896-இல் இளம் ராணுவ அதிகாரியாக வந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் பெயரையும் இந்த ஹோட்டலோடு சேர்த்துப் பேசுவதுண்டு. அவர் குடியிருந்தது என்னவோ சக அதிகாரிகள் இருவரோடு பகிர்ந்துகொண்ட ஒரு பங்களாவில்தான்.

பின்னர் விடுதி சென்னையின் ஸ்பென்சர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. சென்னை கன்னிமாரா, ஊட்டி சவாய் ஆகியவையும் ஸ்பென்சரின் ஹோட்டல்களே. 1984-இல் இம்மூன்றின் நிர்வாகமும் தாஜ் குழுமத்துக்கு மாறியது.

இதன் வடிவமைப்பில் முதலிடம் நிலத்துக்குத்தான். மொத்தம் 117 அறைகள். ஏக்கருக்கு ஆறுகூட வரவில்லை. அவற்றை ஒரே கோபுரமாக அடுக்காமல், மரங்களுக்கு இடையே தாழ்வான கட்டடங்களாகப் பரப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை பேசும் நகரத்தில் இது அரிய துணிவு. நூறாண்டுகளைக் கடந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று இன்னும் கிளை விரித்து நிற்கிறது. சாய்வான ஓட்டுக் கூரை, அகன்ற வராந்தா, வெள்ளைச் சுவர் என்று பழைய பெங்களூரு பங்களாவின் சாயலைக் கட்டடங்களில் காணலாம்.

அந்தப் பங்களாக்களுக்கே உரிய அடையாளம் 'மங்கி டாப்'. சன்னலுக்கும் முகப்புக்கும் மேலே கூம்பாக முன்துருத்தி நிற்கும் மரக் கூரை அது. அதன் முன்பக்கத்தில் மெல்லிய மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். வெயிலும் சாரலும் சன்னலில் நேராகப் படாது. காற்று மட்டும் தாராளமாக உள்ளே வரும். அத்தகைய பங்களாக்கள் பலவும் இடிபட்டுவிட்டதால், அந்தக் கட்டடக்கலையின் சாயலை இங்கே பார்க்க முடிவது பெரிய பேறு.

பெங்களூருவின் மற்ற சொகுசு ஹோட்டல்களில், 1980களில் வந்த வின்சர் ஆங்கிலேய மாளிகையையும், பிறகு வந்த லீலா பேலஸ் மைசூர் அரண்மனையையும் முன்மாதிரியாகக் கொண்டன. வெஸ்ட் எண்டுக்கு முன்மாதிரி அதன் சொந்த ஊரின் வீடுகள்தான்.