காத்திருக்கக்கூடிய நோயும் வைத்தியனுக்குரிய கூலியும்

தமிழ் மருத்துவ வரலாறு பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் நூல் வரலாறாகவே அமைந்துள்ளன. எந்தச் சித்தர் எக்காலத்தவர், எந்த வாகடம் எந்த ஏட்டில் உள்ளது என்ற வினாக்களுக்குக் கிடைத்த கவனம், வைத்தியனுக்குக் கூலி கொடுத்தவர் யார், எந்த அளவை கொண்டு கொடுத்தார் என்ற வினாவிற்குக் கிடைக்கவில்லை. மருத்துவம் ஓர் உழைப்பு; அவ்வுழைப்பை ஒரு பொது அமைப்பு, அது கோயிலாயினும் ஊராயினும் அரசாயினும், மக்களுக்காக விலைகொடுத்துப் பெறும்பொழுது அங்கு ஓர் உற்பத்தி உறவு தோன்றுகின்றது. உயிர் போகும் தறுவாயில் அளிக்கப்படும் சிகிச்சையில் இவ்வுறவு தெளிவாகத் தெரிவதில்லை. அங்கே பேரத்திற்கு நேரமில்லை. கண்புரை, குடலிறக்கம், மூட்டுத் தேய்வு போன்று நாள் குறித்துச் செய்யத்தக்க சிகிச்சைகளிலேதான் அது வெளிப்படையாகின்றது. வைத்தியசாலைகளில் இவற்றைத் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் என்பர். 'காத்திருக்கக்கூடியவை' என்பது அதன் பொருள். யாரால் காத்திருக்க முடியும் என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும்.

கல்முனைக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். மருதமுனையின் கைத்தறி நெசவாளிக்குக் கண்ணில் புரை விழுந்தால் அவர் இழப்பது பார்வையின் ஒரு பகுதியை மட்டுமன்று; நூலிழை தெரியாத நாளிலேயே அவரது கூலி நின்றுவிடுகின்றது. ஒலுவில் கரையில் வலை இழுப்பவருக்குக் குடலிறக்கம் ஏற்பட்டால் மருத்துவ நூல் அதனை அவசரமற்றது என்று வகுக்கலாம். அவரது குடும்பத்திற்கு அது அன்றே அவசரமாகிவிடுகின்றது. எழுதுவினைஞர் ஒருவர் அதே நோயுடன் ஆறு மாதம் காத்திருந்து சம்பளமும் பெறுவார். ஆகவே அவசரம், அவசரமின்மை என்ற பாகுபாடு உடலைப் பற்றியதாகத் தோன்றினும் அதனுள்ளே உழைப்புப் பற்றிய ஒரு தீர்ப்பு மறைந்துள்ளது.

இவ்வுறவின் பழைய வடிவமொன்றைத் தெளிவாகக் காட்டும் சான்று காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் பெருமாள் கோயிற் சாசனமாகும். வீரராசேந்திரன் (1063-1070) காலத்து அச்சாசனம், கோயிலைச் சார்ந்திருந்த 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றின் செலவினங்களைக் கூறுகின்றது. நோயைக் கண்டு மருந்து சொல்லும் வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்வானுக்கு, அதாவது கத்தி பிடிப்பவனுக்கு, 30 கலம் நெல். மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர் ஆகியோருக்கும் தனித்தனி அளவு உண்டு. நெல்லளவில் அறுப்பவனுக்கு வைத்தியரின் கூலியில் மூன்றிலொரு பங்கே. சாத்திரம் அறிந்தவனுக்கும் கையால் தொழில் செய்பவனுக்கும் இடையே நிலமானிய சமுதாயம் வகுத்த இடைவெளி நெற்கணக்கிலே பதிவாகியுள்ளது. அதேவேளை கூலி ஆண்டுக் கூலியாக இருந்தமையும் கவனத்திற்குரியது. எத்தனை பேரை அறுத்தான் என்ற கணக்கு அங்கு இல்லை. சோழர் காலத்தை இலவச வைத்தியத்தின் பொற்காலமாகக் காட்ட விரும்புவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அச்சாலை கோயிலைச் சார்ந்த கல்விக்கூடத்து மாணவருக்கும் கோயிற் பணியாளருக்கும் உரியது; நெல்லை விளைவித்த குடியானவனுக்கு அங்கே படுக்கை ஒதுக்கப்பட்டமைக்குச் சான்று இல்லை.

கையால் அறுப்பவனின் தாழ்நிலை நமது கிழக்குக் கரையில் அண்மைக்காலம் வரை வேறு வடிவில் நிலவியது. முஸ்லிம் ஊர்களில் சுன்னத்துச் செய்த ஒஸ்தா மாமாவை நினைவுகூரலாம். சுன்னத்து நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சை. ஊர் கூடி நடத்தும் சடங்கு. அதற்குரிய கையாள் பரம்பரையாக அத்தொழிலுக்கு உரியவராகக் கருதப்பட்ட குடும்பத்தவர். சமத்துவத்தை அடிப்படையாகக் கொண்ட மார்க்கத்தைப் பின்பற்றும் ஊர்களிலும் ஒஸ்தாக்கள் மணவுறவில் ஒதுக்கப்பட்டமையை இக்கரையை ஆய்ந்த மானிடவியலாளர் பதிவு செய்துள்ளனர். முறிவு நெரிவு பார்க்கும் பரிசாரியாரின் நிலை இதனினும் மேலானது. எனினும் இருவருக்கும் பொதுவான ஒன்று இருந்தது. புண் ஆறாவிடின் நோயாளியின் தந்தை மறுநாளே அவர்களது வாசலில் நிற்பார். ஊர் வைத்தியன் ஊரை விட்டு ஓட முடியாது. அவனது பொறுப்பு எழுத்தில் இல்லை; அவன் குடியிருந்த வளவிலே இருந்தது. அந்தப் பொறுப்பு அடிமைத்தனத்துடன் பிணைந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிராமிய வாழ்வை ஏக்கத்துடன் பாடுவது நமது நோக்கமன்று.

குடியேற்ற ஆட்சி இவ்வுறவை இருவகையாக மாற்றியது. மலையகத்தில் 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் சிகிச்சைச் செலவில் தோட்ட முதலாளிகளையும் பொறுப்பாக்கிற்று. கோப்பித் தோட்டத்திற்கு உழைக்கும் உடல்கள் வேண்டியிருந்தன. அவ்வுடல்களைப் பேணும் அளவிற்கு மருந்தும் வேண்டியிருந்தது. அதற்கு மேற்பட்ட கருணையை அச்சட்டத்தில் தேடுவது வீண். யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது வேறு. அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் 1850 இல் ஒரு வைத்தியசாலையை நிறுவினார். நன்கொடைகளில் இயங்கி, நட்புதவிச் சங்க வைத்தியசாலை எனப் பெயர்பெற்ற அது 1907 இலேயே அரசின் பொறுப்புக்கு வந்தது. இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மூலம் அதுவே. அரை நூற்றாண்டிற்கும் மேலாக ஓர் அதிகாரியின் முயற்சியும் உள்ளூர்த் தனவந்தரின் பணமும் சேர்ந்து மருத்துவத்தைத் தருமமாக வழங்கின. தருமம் பெறுபவன் கேள்வி கேட்பதில்லை.

இக்காலத்தில் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனைத் (1822-1884) தமிழறிஞர்கள் கலைச்சொல்லாக்க முன்னோடியாகப் போற்றுவர். அப்போற்றுதலில் ஓர் உண்மை நழுவிவிடுகின்றது. 1864 முதல் அவர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கத் தலைப்பட்டமை தமிழ்ப் பற்றினால் மாத்திரம் அன்று. ஆங்கிலத்திற் கற்றவர் அரச உத்தியோகத்தை நாடிப் போய்விடுவர். தமிழிற் கற்றவரோ தத்தம் ஊரிலேயே தங்கி மக்களுக்கு வைத்தியம் பார்ப்பர் என்பது அவரது கணிப்பு. 1867 இல் வெளிவந்த 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் இக்கணிப்பின் விளைவு. மொழி இங்கு வைத்தியனை ஊரோடு கட்டிவைக்கும் கயிறாகக் கருதப்பட்டது. ஆனால் 1870 இல் கொழும்பில் அமைந்த மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தையே ஊடகமாகக் கொண்டது. தமிழில் அறுவை கற்றவருக்குரிய சந்தை விரைவில் அடைபட்டது. கிறீனின் முயற்சியைத் தோற்கடித்தது தமிழின் போதாமை என்போர் உத்தியோகச் சந்தையின் வலிமையைக் கணக்கிலெடுப்பதில்லை.

1931 இன் சர்வஜன வாக்குரிமையும், 1934-35 மலேரியாக் கொள்ளை நோயும், அதன் நிவாரணப் பணிகளினூடே வளர்ந்த இடதுசாரி இயக்கமும் இலங்கையில் மருத்துவத்தைத் தருமத்தின் தளத்திலிருந்து உரிமையின் தளத்திற்குக் கொணர்ந்தன. இலவச வைத்தியசாலை இந்நாட்டு உழைக்கும் மக்கள் பெற்ற மிகப் பெரிய உடைமைகளுள் ஒன்று என நாம் தயக்கமின்றிக் கூறலாம். சுதேச வைத்தியமும் ஓரளவு இதனுள் வந்தது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் தமிழ்ச் சித்த வைத்தியத்தையும் யூனானியையும் தன் வரைவுக்குள் அடக்கியது; உள்ளூராட்சி மன்றங்கள் நடத்தும் இலவச மருந்தகங்கள் ஊர்களில் இயங்கலாயின. பரிசாரியாரின் பிள்ளை அரச சம்பளம் பெறும் வைத்தியரானார். முறிவு பார்த்த கை மட்டும் பெரும்பாலும் அச்சம்பளப் பட்டியலுக்கு வெளியே நின்றது. திருமுக்கூடலின் நெற்கணக்கு முற்றாக அழிந்துவிடவில்லை போலும்.

இனி, அரசு தானே செய்யாது பிறரைக் கொண்டு செய்விக்கும் நவீன வடிவத்திற்கு வருவோம். தமிழ்நாட்டிலே இதன் தெளிவான உதாரணம் கண்புரைச் சிகிச்சை. இந்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டத்தைத் தொடங்கிய அதே 1976 இல், ஓய்வுபெற்ற அரச கண் வைத்தியர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். கட்டணம் செலுத்துவோரின் பணத்தால் செலுத்தாதோருக்குச் சிகிச்சை. கிராம முகாம்களில் நோயாளரைக் கண்டு பேருந்தில் அழைத்துவருதல். ஒரு வைத்தியரின் கைக்கு இடைவிடாது வேலை கிடைக்கும்படி ஏனைய பணிகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களிடம் பகிர்தல். ஆலை முறையை மருத்துவத்திற்குக் கொணர்ந்த சாதனை இது. 1992 இல் அது அமைத்த அரோலாப் கண்வில்லைகளை உள்நாட்டிலே செய்து விலையைப் பன்மடங்கு குறைத்தது. 1990 களின் நடுப்பகுதியிலிருந்து 2002 வரை உலக வங்கிக் கடனுடன் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரைத் திட்டம் நடந்தது. அக்காலத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று பணம் வழங்கப்பட்டது.

பார்வை பெற்றோரின் தொகை பெரிது. அதனை மறுப்பது மூடத்தனம். ஆயினும் 'ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு' என்ற அளவையை நாம் ஆராய வேண்டும். அரசு வாங்கியது சிகிச்சையை. நோயாளி வேண்டியது பார்வையை. 1990 களின் கள ஆய்வுகள், முகாம்களில் அறுவை செய்துகொண்டோரிற் கணிசமானோருக்குப் போதிய பார்வை திரும்பவில்லை எனக் காட்டின. மதுரை போன்ற நிறுவனம் தன் ஒழுங்கினால் இவ்விடைவெளியை நிரப்பிக்கொண்டது. அவ்வொழுங்கு ஒப்பந்தம் தந்ததன்று. அத்தகைய ஒழுங்கு இல்லாத இடத்தில் எண்ணிக்கை மட்டுமே எஞ்சும். 2014 நவம்பர் 8 ஆம் திகதி சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் அரச கருத்தடை முகாமொன்றில் ஒரே நாளில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்துள் அறுவை செய்யப்பட்டது. அப்பெண்களுள் பலர் இறந்தனர். அப்பெண்களும் நோயாளரல்லர், நாள் குறித்து வந்தவர்கள், ஏழைகள். இந்திய உச்ச நீதிமன்றம் 2016 இல் அத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுள் நிறுத்துமாறு பணித்தது. தமிழ்நாட்டில் 2009 இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம், வறிய குடும்பங்களுக்கான பெருஞ் சிகிச்சைகளை அரசு தனியார் மருத்துவமனைகளிலிருந்தும் வாங்கத் தொடங்கியது. எண்ணத்தக்கதே விலைபோகும் என்ற விதி அங்கு மேலும் விரிந்தது. அறுத்தால் பணம், அறுக்காது ஆற்றினால் இல்லை.

ஆங்கிலேயரின் தேசிய சுகாதார சேவையும் 2003 முதல் கண்புரை, இடுப்பு மூட்டுச் சிகிச்சைகளைத் தனியார் நிலையங்களிடம் ஒப்படைத்தது. முதற்கட்ட ஒப்பந்தங்களில் நோயாளர் வந்தாலும் வராவிட்டாலும் பேசிய தொகை கொடுபட்டது. சிக்கலற்ற நோயாளர் அந்நிலையங்களுக்கு. சிக்கலானோர் பொது வைத்தியசாலைக்கு. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய பொதுவுடைமை வைத்தியர் யூலியன் ரியூடர் ஹார்ட் 1971 இலேயே சொன்னார்: நல்ல மருத்துவம் அதனை மிக வேண்டுவோருக்கு மிகக் குறைவாகவே கிட்டும்; சந்தையின் ஆட்சி எங்கு மிகுதியோ அங்கு இந்நிலையும் மிகுதி.

இலங்கையில் இவ்வொப்பந்தம் வேறு வேடத்தில் வந்தது. 1977 இன் பின்னர் அரச விசேட வைத்தியர்கள் தனியார் தொழில் புரிய இடமளிக்கப்பட்டது. 'சனல்' பண்ணுதல் என்ற சொல் தமிழிலே நிலைபெற்றது. காலையில் அரச விடுதியில் வரிசையில் நின்றவர் மாலையில் அதே வைத்தியரைப் பணம் கொடுத்துச் சந்திக்கலாம். 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சனாதிபதி நிதியம் இருதயச் சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு வறியோருக்கு உதவிப் பணம் வழங்கியது. உதவி பெற்றோர் பலர் உயிர் பிழைத்தனர். ஆனால் உரிமை இங்கே மீண்டும் விண்ணப்பமாகிவிட்டது. ஒலுவில் மீனவர் கொழும்புக்குக் கடதாசிகளை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியவரானார்.

எமது கரையோரத்தில் இப்பிரச்சினை இன அரசியலின் மொழியிலேயே பேசப்படுகின்றது. கல்முனை என்ற ஒரே நகரில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. ஒன்று முஸ்லிம்களுடையது, மற்றையது தமிழருடையது என்பதே ஊர் வழக்கு. எதற்குப் புதிய கட்டடம் கிடைத்தது, எதற்கு விசேட வைத்தியர் வந்தார் என்ற போட்டியில் ஈடுபடுவோர், இரண்டிலும் கண்புரைக்குக் காத்திருக்கும் வரிசையில் நிற்பவர் யார் என்று கேட்பதில்லை. மருதமுனை நெசவாளியும் பாண்டிருப்புக் கடற்றொழிலாளியும் ஒரே வகையான வரிசையில் வெவ்வேறு கட்டடங்களில் நிற்கின்றனர்.

2022 மார்ச் இறுதியில், அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்து தட்டுப்பட்டபோது, பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தி அவசரமானவற்றை மட்டும் செய்ய முடிவெடுத்தது. வேறு வழி வைத்தியர்களுக்கு இருக்கவில்லை. அம்முடிவைத் தவறென்று நாம் கூறவில்லை. ஆனால் பிற்போடப்பட்டவர்களுள் பணமுள்ளோர் தனியார் வைத்தியசாலைகளை நாடலாம். ஏனையோருக்கு அவ்வழியும் இல்லை. அவர்கள் திகதி எழுதப்படாத அட்டைகளுடன் வீடு திரும்ப வேண்டியவர்கள். கடன் மீட்சிக்கான ஆலோசனைகளில் தனியாருடன் பங்காண்மை என்ற சொல் அடிக்கடி ஒலிக்கின்றது. அத்தகைய ஒப்பந்தம் இக்கரைக்கு வருமாயின், அதனைப் படிக்கும் நம்மவர் விலைப் பட்டியலுக்கு முன்னர் வேறு மூன்று பக்கங்களைத் தேட வேண்டும்: அறுவையின் பின் புண் சீழ்பிடித்தால் யார் வாசலில் போய் நிற்பது, சிக்கலான நோயாளியைத் திருப்பியனுப்ப நிறுவனத்திற்கு உரிமை உண்டா, நோயாளி கையொப்பமிடும் தாள் எந்த மொழியில் உள்ளது.