காறல்மான் சரிதம்

கேரளக் கடற்கரையின் இலத்தீன் கத்தோலிக்கர் ஆடிவரும் சவிட்டு நாடகங்களில் தலையாயது காறல்மான் சரிதம். பிராங்கியப் பேரரசர் சார்லமேனும் (நாடகத்தின் ‘காறல்மான்’) அவருடைய பன்னிரு வீரர்களும் இசுலாமிய அரசர்களோடு பொருத கதையை இது சொல்கிறது. கதை ஐரோப்பாவுடையது. ஆடியவர்கள் மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும். பாடல்களின் மொழியோ தமிழ். மலையாளம் கலந்த தமிழ். இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்றும், அவர் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குச் சென்றவர் என்றும் மரபு கூறுகிறது. கேரளத்தின் கலையாகவே இன்று அறியப்படும் இந்நாடகம் தமிழ் நாடக வரலாற்றிலும் இடம்பெற வேண்டியது.

வரலாறும் கதையும்

நாடகம் சிலுவைப் போர்க் கதைபோலத் தோன்றினாலும், வரலாற்றுச் சார்லமேனுக்கும் சிலுவைப் போருக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. அவர் கி.பி. 800 கிறிஸ்துமஸ் நாளில் உரோமையில் முடிசூடி, 814இல் இறந்தார். சிலுவைப் போருக்குத் திருத்தந்தை இரண்டாம் உர்பான் அழைப்பு விடுத்தது 1095இல். எருசலேம் வீழ்ந்தது 1099இல். இடையே ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் கிடக்கின்றன. 778இல் பிரனீசு மலைக் கணவாயில் சார்லமேனின் பின்படையைத் தாக்கி அவருடைய வீரன் ரோலண்டைக் கொன்றவர்களும் இசுலாமியர் அல்லர், பாசுக் இனத்தவர். சிலுவைப் போர்ச் சூழலில் பிரான்சில் பாடப்பட்ட வீரகாவியங்கள் அந்தப் பழைய தோல்வியை எடுத்துக்கொண்டு, பாசுக்குகளை நீக்கிவிட்டு, ‘சாரசேனியர்’ எனப்பட்ட இசுலாமியரை எதிரியாக்கின. சார்லமேன் சிலுவைப் போர்வீரர்களின் முன்னோடியானார். பாட்டன் காலத்துச் சண்டைக்குப் பேரன் காலத்துப் பகை ஏற்றப்பட்டது.

இக்காவியங்களுள் நாடகத்துக்கு மிக நெருக்கமானது 12ஆம் நூற்றாண்டின் பியராப்ராஸ் கதை. பாலான் என்னும் அமீர் உரோமையைச் சூறையாடி, இயேசுவின் முள்முடி முதலான திருப்பண்டங்களைக் கவர்ந்து செல்கிறான். அவன் மகன் பியராப்ராஸ் மலைபோன்ற உடல்வாகு கொண்டவன். சார்லமேனின் பாசறை முன் வந்து தனிப்போருக்கு அறைகூவுகிறான். பன்னிரு வீரருள் ஒருவனான, ஏற்கெனவே காயம்பட்டுக் கிடக்கும் ஒலிவர் எழுந்து போய்ப் பொருது வெல்கிறான். தோற்றவன் கிறிஸ்தவனாகிறான். ஆனால் ஒலிவரும் தோழர்களும் பாலானிடம் சிறைப்படுகிறார்கள். அங்கே பாலானின் மகள் புளோரிப்பாஸ், பிராங்கிய வீரன் ஒருவன்மீது கொண்ட காதலால் தந்தையை எதிர்த்துக் கைதிகளைக் காக்கிறாள். பூதம்போன்ற காவலன் நிற்கும் பாலத்தைக் கடந்து சார்லமேன் மீட்க வருகிறார். மதம் மாற மறுத்த பாலான் கொல்லப்படுகிறான்.

அடியும் காதலும் துரோகமும் நிறைந்த இக்கதை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய உரைநடையில் அச்சேறி, ஐபீரிய நாடுகளின் எளிய வாசகரிடையே பெரிதும் பரவியது. போர்த்துக்கேயர் கப்பல்களில் அது கடல் கடந்தது. கொச்சிக்கும் அவ்வழியே வந்தது.

ஏன் தமிழில்?

இக்கேள்விக்கு விடை நாடகத்துக்கு வெளியே இருக்கிறது. மறைப்பணியாளர் அண்டிரிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்திலும், கிரிசித்தியானி வணக்கம் 1579இல் கொச்சியிலும் அச்சாயின. இரண்டும் தமிழ் நூல்கள். முத்துக்குளித்துறை முதல் கொச்சி வரையிலான கடற்கரையில் அந்நாளைய கத்தோலிக்க மறைப்பணிக்குத் தமிழே எழுத்து மொழியாக உதவியது. அந்தக் கரையில் நாடகம் எழுதவந்த ஓர் அண்ணாவி தமிழை எடுத்துக்கொண்டது இயல்பு. நாடகத்தில் பாட்டு, விருத்தம், கட்டியக்காரன் எல்லாம் இருக்கின்றன. வையம்பட்டி, மணப்பாறைப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்த ஒருவர் கேரளத்தின் கோத்துருத்து ஊரில் சவிட்டு நாடக மேடையின் முன் உட்கார்ந்தால் உடைகள்தாம் புதிதாகத் தெரியும். கட்டியக்காரனை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

1599இல் கூடிய உதயம்பேரூர்த் திருச்சபைச் சங்கம் கேரளக் கிறிஸ்தவரின் பழக்கவழக்கங்களை இறுக்கியது. ஊர்க் கோயில் கலைகளிலிருந்து விலக்கப்பட்ட மக்களுக்குச் சொந்தமாக ஒரு கலை தேவைப்பட்டதும் சவிட்டு நாடகம் வேரூன்றக் காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மேடையும் செலவும்

‘சவிட்டு’ என்பது காலால் மிதித்தலைக் குறிக்கும். இங்கே கதையை நடத்துவது கால்தான். மரப்பலகை வேய்ந்த நீண்ட தட்டின்மீது நடிகர்கள் தாமே பாடிக்கொண்டு, அடிக்கு அடி பலகை அதிர மிதிக்கிறார்கள். பலகையும் ஒரு தாளக்கருவி. செண்டை, மத்தளம், இலத்தாளம் ஆகியவை உடன் ஒலிக்கும். வாள்வீச்சும் சுவடுகளும் களரிப் பயிற்சியிலிருந்து வந்தவை. பழைய அரங்கில் தட்டின் இரு முனைகளிலும் உயர்ந்த மேடைகள் உண்டு. ஒன்று கிறிஸ்தவ அரசவை, மற்றது துருக்கியர் அரசவை. நடுவெளி போர்க்களம். திரைச்சீலையோ காட்சி மாற்றமோ இல்லாமல் இரண்டு பேரரசுகளைக் காட்டிவிடும் இந்த ஏற்பாடு மிகச் சிறந்த அரங்க அறிவு.

உடைகளில் ஐரோப்பா தெரியும்: வெல்வெட் அங்கி, சரிகை, மார்புக்கவசம், தலைச்சீரா. அட்டை, பளபளப்புத்தாள், கண்ணாடிமணி, கில்ட் இவற்றைக் கொண்டே ஊர்க்காரர்கள் முடிகளையும் கவசங்களையும் செய்துகொண்டார்கள். புரவலர் என்று அரசரோ ஜமீன்தாரோ பின்னால் இல்லை. பகலில் வலை இழுத்தவர்கள் இரவில் ஆசானிடம் மாதக்கணக்கில் பாட்டையும் அடவையும் பழகினார்கள். பெண் வேடங்களையும் முன்பு ஆண்களே ஏற்றனர். பழைய நாளில் முழு நாடகம் 15 இரவுகள் நீண்டது என்பர். இவ்வளவு பெரிய வீரகாவியத்தைக் கைக்காசில் நடத்திக்காட்டிய அந்த மனிதர்களின் உழைப்பை எவ்வளவு போற்றினாலும் தகும்.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இதில் இசுலாமியர் எதிரிகள். மதம் மாறுவதே வெற்றியின் அடையாளம். இக்கதை இக்கரைக்கு வந்தது, மலபார்க் கடலில் போர்த்துக்கேயர் இசுலாமியக் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்காயர்களோடு போரிட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி. நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். ஐரோப்பியப் பகையொன்று நாடகத்தின் வழியே உள்ளூர்ப் பகைக்கு உரமானது. இன்று ஆடுபவர்களும் பார்ப்பவர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

உறவு நாடகங்கள்

சார்லமேன் கதை போர்த்துக்கேயர் கால்பட்ட வேறு கரைகளிலும் பிற இடங்களிலும் மேடையேறியது. ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் ‘சிலோலி’ நாடகத்தில் அவர் நீதி வழங்கும் அரசர். அருகிலுள்ள பிரின்சிப்பே தீவில் புளோரிப்பாஸ் கதை ஆண்டுதோறும் ஊரே அரங்காக ஆடப்படுகிறது. சிசிலியில் அதே வீரர்கள் பொம்மலாட்டத்தில் வாள் சுழற்றுகிறார்கள். கதை வேறானாலும் இதே வகையைச் சேர்ந்த நாடகங்கள் இலங்கையிலும் உண்டு. அங்கே மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்க ஊர்களில் என்றிக்கு எம்பரதோர், எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி போன்ற நாடகங்களை அண்ணாவிமார் ஆட்டுவித்தனர். மன்னார் நாடக ஏடுகள் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தார். சவிட்டு நாடகத்தில் புகழ்பெற்ற மற்றொரு கதையான ஜெனோவா 1953இல் எம்.ஜி.ஆர்., பி.எஸ். சரோஜா நடித்த திரைப்படமாகத் தமிழிலும் மலையாளத்திலும் வந்தது.

இன்றைய நிலை

இசைநாடகமும் திரைப்படமும் வந்தபின் சவிட்டு நாடகம் நலிந்தது. கோத்துருத்தைச் சேர்ந்த சபீனா ராஃபி ஊர் ஊராகச் செய்திகளைத் திரட்டி 1964இல் வெளியிட்ட ‘சவிட்டு நாடகம்’ என்ற மலையாள நூலே இக்கலை பற்றிய முதல் விரிவான ஆய்வு. இக்கலை அழியாமல் நின்றதில் அவருக்குள்ள பங்கு பெரிது. 2010களில் கேரளப் பள்ளிக் கலைவிழாவின் போட்டிகளுள் ஒன்றாக இது சேர்க்கப்பட்டபின் சிறுவர் சிறுமியர் பலர் பயில்கிறார்கள். பாடல்களுக்குப் புதிய மலையாள வடிவங்களும் வந்துள்ளன. ஆனால் போட்டி மேடையில் கிடைப்பது சில நிமிடங்கள். வேகமான மிதிகள் அதற்குள் அடங்கும்; நெடுங்கதையும் பழந்தமிழ் விருத்தங்களும் அடங்கமாட்டா.

ஆடலைக் கேரளம் காப்பாற்றிவிட்டது. சுவடியைக் காப்பது தமிழரின் பொறுப்பு. கோத்துருத்து, கொச்சி, கொல்லம் பகுதி ஆசான்களின் வீடுகளில் உள்ள ஏடுகளைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஒப்புநோக்கி, தமிழ் எழுத்தில், பாடவேறுபாடுகளோடும் சொல்லடைவோடும் பதிப்பிக்க முன்வர வேண்டும். பழைய பாடல்களை முழுமையாகப் பாடத் தெரிந்த ஆசான்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.