தையல் தொழிலாளர் கட்டிய அடுக்குமாடிகள்

சொந்த வீடு என்பதே இன்றைய அரங்கின் பொருள். எனக்கு முன் பேசியவர்கள் நம் வீவக வீடுகளைப் பற்றி விரிவாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே உங்களைச் சற்றுத் தொலைவுக்கு, நியூயார்க் நகருக்கு, அழைத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன். அங்கே வீடு தேடும் ஒருவர் சந்திக்கும் ஒரு விசித்திரமான ஏற்பாட்டைப் பற்றியும், அது எப்படி வந்தது என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன்.

நியூயார்க்கில் அடுக்குமாடி வீடு வாங்கக் கிளம்புகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கோ-ஆப்பா காண்டோவா என்பதுதான். காண்டோ நமக்குப் பழக்கமான கொண்டோமினியம். கோ-ஆப் என்பது கூட்டுறவு வீடு. அங்கே வீடு உங்கள் பெயரில் இருக்காது. கட்டடம் முழுவதும் ஒரு கழகத்தின் சொத்து. நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அந்தக் கழகத்தின் பங்குகளை. பங்குதாரர் என்ற முறையில் இன்ன எண்ணுள்ள வீட்டில் குடியிருக்கலாம் என்று ஒரு குத்தகைப் பத்திரம் தருவார்கள். மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். கட்டடத்தின் மீதுள்ள கடன், சொத்து வரி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் செலவு, காவலாளியின் சம்பளம் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

இதில்தான் சிக்கல். மேல்மாடிக்காரர் பராமரிப்புத் தொகையைக் கட்டத் தவறினால் அந்தச் சுமை மற்றவர்கள் தலையில் விழும். அதனால் புதிதாக வருகிறவரைக் குடியிருப்பாளர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு சல்லடை போட்டுச் சலிக்கும். வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, முதலாளியின் கடிதம், நண்பர்களின் பரிந்துரைக் கடிதம் என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு நேர்காணல். வேலைக்குப் போகும் நேர்காணல் போலத்தான், ஆனால் கேள்வி கேட்பவர்கள் நாளைக்கு உங்களோடு மின்தூக்கியில் வரப்போகிறவர்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதே நெடுங்கால வழக்கம்.

பதவி விலகிய அதிபர் ரிச்சர்ட் நிக்சன் 1979-இல் மன்ஹாட்டனில் கூட்டுறவு வீடு தேடியபோது குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அவர் தனி வீடுதான் வாங்கினார். 1985-இல் பாடகி மடோனாவையும் ஒரு புகழ்பெற்ற கட்டடத்தின் குழு ஏற்றுக்கொள்ளவில்லை. இவையெல்லாம் பணக்காரர்களின் கதைகள், கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் சொல்லாத கதவுக்குப் பின்னால் நிறம் பார்த்தார்களா, மதம் பார்த்தார்களா என்று வெளியே நிற்பவர் எப்படி அறிவார்? வீடமைப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1968-லேயே வந்துவிட்டது. இருந்தாலும் சொல்லப்படாத காரணத்தை வழக்குமன்றத்தில் நிரூபிப்பது எளிதல்ல.

நம் ஊரில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை உண்டு. புளோக்கிலும் வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்குவோர் வட்டம் குறுகி, விலை இறங்கிவிடுகிறது என்ற மனக்குறை நம்மவர்களிடம் நீண்ட நாளாக உண்டு. அதைக் கருதித்தான் 2022 முதல், விற்க முடியாமல் தவிக்கும் சிலரிடமிருந்து வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வீவக முன்வந்தது. குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அது அச்சிட்ட விதி, எவரும் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். பூட்டிய அறைக்குள் ஐந்தாறு பேர் எடுக்கும் முடிவைவிட அது மேல் என்பது என் கருத்து.

இனி வரலாற்றுக்கு வருவோம். நியூயார்க்கில் கூட்டுறவு வீட்டைத் தொடங்கி வைத்தவர்கள் வசதி படைத்தவர்களே. 1880-களில் பிலிப் ஹியூபர்ட் என்ற கட்டடக் கலைஞர், சிலர் சேர்ந்து பணம் போட்டு ஒரே கட்டடத்தில் வாழும் 'இல்லக் கழகங்களை' அமைத்தார். எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கியதால் பின்னாளில் பெயர் பெற்ற செல்சி ஹோட்டல், முதலில் அப்படிக் கட்டப்பட்ட கூட்டுறவுக் கட்டடம்தான். அது நிலைக்கவில்லை. ஏழைகளின் பக்கம் இந்த எண்ணம் வந்து சேர 1916 ஆகிவிட்டது. புரூக்ளினில் குடியேறிய ஃபின்லாந்துத் தொழிலாளர்கள் சிறு தொகைகளைச் சேர்த்து 43-ஆம் தெருவில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அதற்கு 'ஆல்கு' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் 'தொடக்கம்' என்று பொருள். பக்கத்திலேயே இரண்டாவது கட்டடமும் வந்தது.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியவர்கள் தையல் தொழிலாளர்கள். அந்தக் காலத்தில் ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும் இத்தாலியர்களும். மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், வெளிச்சமும் காற்றும் எட்டாத அறைகளில், குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். நம் சைனாடவுன் கடைவீடுகளில் ஒரு காலத்தில் மக்கள் எப்படிப் பலகைத் தடுப்புகளுக்குள் வாழ்ந்தார்கள் என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அமல்கமேட்டட் ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் ஆபிரகாம் கசான் என்று ஒருவர் இருந்தார். ரஷ்யப் பேரரசில் பிறந்து இளம் வயதில் குடியேறியவர். சங்கத்தின் கடன் கூட்டுறவைக் கவனித்து வந்தவர். தொழிலாளி சம்பள உயர்வுக்காகப் போராடி வாங்கும் பணத்தை வீட்டுக்காரர் வாடகையை உயர்த்திப் பிடுங்கிக்கொண்டால் என்ன பயன் என்பதே அவருடைய கேள்வி. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் தொடங்கிய கூட்டுறவுக் கடையின் விதிகளை அவர் வீட்டுக்குப் பொருத்தினார். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு என்பது அந்த விதிகளில் முக்கியமானது.

1926-இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. லாபத்தை 6 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொண்டு, வாடகையையும் வரம்புக்குள் வைத்துக் கட்டும் வீடுகளுக்கு 20 ஆண்டு வரிச் சலுகை தரலாம் என்றது அச்சட்டம். கசான் அதைப் பயன்படுத்திக்கொண்டார். பிராங்ஸ் வட்டாரத்தில், வான் கோர்ட்லண்ட் பூங்காவை ஒட்டி நிலம் வாங்கினார்கள். மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்புறுதி நிறுவனம் கடன் தந்தது. 1927 நவம்பரில் குடிபுகுந்தார்கள். மொத்தம் 303 வீடுகள்.

கணக்கைப் பாருங்கள். ஓர் அறைக்கு 500 டாலர் முன்பணம், மாதக் கட்டணம் அறைக்குச் சராசரி 11 டாலர். நான்கு அறை வீடென்றால் 2,000 டாலர் முன்பணமும் மாதம் ஏறக்குறைய 44 டாலரும். தையல் தொழிலாளிக்கு 2,000 டாலர் சாதாரணத் தொகையா? முன்பணத்தில் ஒரு பகுதியைக் கடனாகப் பெற சங்கத்தின் சொந்த வங்கி உதவியது. இதில் இன்னொரு நிபந்தனை இருந்தது, இந்தக் கதையின் உயிரே அதுதான். வீட்டை விட்டுப் போகிறவர் சந்தை விலைக்கு விற்க முடியாது. போட்ட பணத்தைக் கழகத்திடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டு கிளம்ப வேண்டும். அடுத்து வரும் தொழிலாளிக்கும் அதே மலிவு விலையில் வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. 1929-க்குப் பிறகு பொருளியல் மந்தம் வந்து வேலை போனபோதும் அந்தக் குடியிருப்பு கவிழவில்லை. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குக் கைகொடுத்துத் தாங்கினார்கள். 1930-இல் மன்ஹாட்டனின் கிராண்ட் தெருவில் இன்னொரு கட்டடமும் எழுப்பினார்கள்.

அதே பிராங்ஸில், அதே 1927-இல், இடதுசாரித் தொழிலாளர்கள் கட்டிய இன்னொரு குடியிருப்பும் இருந்தது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள். கறுப்பினக் குடும்பங்களை மற்றவர்கள் அண்டவிடாத காலத்திலேயே இவர்கள் கூப்பிட்டுக் குடிவைத்தார்கள். கொள்கையில் அத்தனை உறுதி. அந்த உறுதியே அவர்களுக்கு வினையாகவும் முடிந்தது. கடன் நெருக்கியபோது, அறைக்கு 1 டாலர் கட்டணத்தை உயர்த்தினால் கட்டடத்தைக் காப்பாற்றலாம் என்ற நிலை வந்தது. வாடகை உயர்வை எதிர்த்து ஊரெல்லாம் போராடும் நாங்கள் எங்கள் வாடகையை நாங்களே உயர்த்துவதா என்று பெரும்பான்மையினர் மறுத்து வாக்களித்தார்கள். 1943-இல் கட்டடம் கைமாறியது. உரிமையாளர்கள் வாடகைக்காரர்கள் ஆனார்கள். ஒரு டாலர்! வீர முடிவு என்று புகழ்பவர்கள் இருக்கலாம். எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

ஹார்லமில் கறுப்பின மக்களுக்காக ஜான் ராக்ஃபெல்லர் இளையவர் கட்டிய டன்பார் குடியிருப்பும் அதே காலத்தது. அறிஞர் டு பாய்ஸ், பாடகர் பால் ரோப்சன் போன்றவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். மந்தக் காலத்தில் தவணை கட்ட முடியாமல் 1936-இல் அந்தக் கூட்டுறவு கலைந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கசானின் கை ஓங்கியது. நகர நிர்மாணத்தில் சர்வாதிகாரி போல் விளங்கிய ராபர்ட் மோசஸ் அவருக்குத் துணை நின்றார். பழைய பேட்டைகளை இடித்துத் தள்ளி, அந்த நிலத்தில் கூட்டுறவுக் கோபுரங்களை எழுப்பினார்கள். இடிக்கப்பட்ட வீடுகளிலும் மனிதர்கள்தானே இருந்தார்கள்? அவர்களில் பலருக்குப் புதிய வீட்டின் முன்பணத்தைப் புரட்டும் வசதி இல்லை. கசானைப் புகழும் வரலாறுகள் இந்தப் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகின்றன.

உச்சம் பிராங்ஸின் கோ-ஆப் சிட்டி. மூடப்பட்ட ஒரு கேளிக்கைப் பூங்காவும் சதுப்பு நிலமும் இருந்த இடத்தில் 35 கோபுரங்கள், 15,372 வீடுகள். 1968-இல் மக்கள் குடிவரத் தொடங்கினார்கள். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர் பதின்ம வயதில் அங்கே வாழ்ந்தவர். கட்டுமானச் செலவு கணக்கை மீறியது, வட்டி ஏறியது, மாதக் கட்டணமும் ஏறிக்கொண்டே போனது. 1975 ஜூன் மாதம் குடியிருப்பாளர்கள் கட்டண மறுப்புப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஐந்தில் நான்கு குடும்பங்களுக்குக் குறையாமல் கலந்துகொண்டார்கள். காசோலைகளைச் சேகரித்து, அதிகாரிகள் கையில் சிக்காமல் மறைத்து வைத்தார்கள். 13 மாதம் நீடித்த அந்தப் போராட்டம், நிர்வாகம் குடியிருப்பாளர்கள் கைக்கு வந்த பிறகே ஓய்ந்தது. உரிமையாளர் என்று சொல்லிக் கூட்டி வந்தவர்களை முடிவெடுக்க விடாததே கோபத்தின் வேர். கசானின் அமைப்பு அதன் பிறகு எந்தக் குடியிருப்பையும் கட்டவில்லை. கசான் 1971-லேயே காலமாகிவிட்டார்.

இதே 1970-களில் நகரம் திவால் விளிம்பில் நின்றது. வரி கட்டாமல் வீட்டுக்காரர்கள் கைவிட்டுப்போன கட்டடங்கள் நகராட்சி வசம் வந்தன. அவற்றில் விடாப்பிடியாகத் தங்கியிருந்த வாடகைக்காரர்கள் சேர்ந்து, கொதிகலனைப் பழுதுபார்த்து, கூரையை அடைத்து, நிர்வாகம் செய்யப் பழகிக்கொண்டார்கள். 1978-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அவர்களுக்கே வீடுகள் விற்கப்பட்டன. விலை, ஒரு வீட்டுக்கு 250 டாலர். நேயர்கள் தவறாகக் கேட்டுவிடவில்லை. இருநூற்று ஐம்பதுதான்.

மலிவாகக் கிடைத்த வீட்டின் மதிப்பு பல மடங்கு ஏறிவிட்டால் அந்த ஏற்றம் யாருக்குச் சேர வேண்டும்? 1990-களின் பிற்பகுதியில் கிராண்ட் தெருக் குடியிருப்புகளில் இந்தக் கேள்வி வெடித்தது. தொழிற்சங்கத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. சிலர் கையில் ஓய்வூதியம் தவிர வேறு இல்லை. பிள்ளைகள் படிப்பு, மருத்துவச் செலவு என்று அவரவர் நியாயம் அவரவருக்கு. சந்தை விலைக்கு விற்கலாம் என்று அங்கே ஒவ்வொரு குடியிருப்பாக வாக்களித்தன. வீட்டு விலை தாவி ஏறியது. ஆடைத் தொழிலாளிக்கென்று கட்டிய வீட்டை வாங்க வங்கி அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் வந்தார்கள். விற்றவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது எளிது. ஆனால் நம் வீவக வீட்டை மறுவிற்பனைச் சந்தையில் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறிய நாம் அப்படி ஏசலாமா?

அதே நகரில், செல்சி வட்டாரத்தில், பென் சவுத் என்ற குடியிருப்பு இருக்கிறது. பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் கட்டியது. 10 கட்டடங்கள், 2,820 வீடுகள். 1962-இல் அதிபர் கென்னடியே வந்து திறந்து வைத்தார். செல்சி இன்று மன்ஹாட்டனின் விலை உயர்ந்த இடங்களில் ஒன்று. விற்றால் ஒவ்வொரு குடும்பமும் செல்வந்தராகிவிடும். அங்கேயும் வாக்கெடுப்பு நடந்தது, ஒரு முறை அல்ல, 1980-களிலிருந்து பல முறை. வயதான உறுப்பினர்களுக்காக 1986-இல் செவிலியர், சமூக ஊழியர் சேவையைத் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே தொடங்கியவர்களும் இவர்கள்தான். ஒவ்வொரு முறையும் பெரும்பான்மையினர் சந்தை வேண்டாம் என்றார்கள். கடைசியாக 2017-இல் வாக்களித்து, நகராட்சியோடு உள்ள வரிச் சலுகை ஒப்பந்தத்தை 2052 வரை நீட்டித்துக்கொண்டார்கள். காத்திருப்போர் பட்டியலில் இடம் பெறவே குலுக்கல் நடக்கும். அந்தப் பட்டியல் திறப்பதும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான்.