மேசையின் அளவும் திரையின் அளவும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலிலே, சிறு திட்டொன்றை முழுதும் அடைத்துக்கொண்டு ஒரு கோட்டை நிற்பதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். நம்மவர் அதனைக் கடற்கோட்டை என்பர். போர்த்துக்கேயர் எழுப்பிய அதனை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஹமன்ஹீல் என்னும் பெயர் அவர்கள் இட்டதேயாகும். திட்டு எவ்வளவோ, கோட்டையும் அவ்வளவே. மதிலை எங்கே நிறுத்துவது என்பதைக் கடலே தீர்த்து வைத்தது.

இன்று தீவகத்துப் பாடசாலைகளிலும் வீடுகளிலும் கணினி வைக்க விரும்புவோர் முன்னும் அத்தகைய கேள்வியே நிற்கிறது. மேசை சிறியது, கடையிலுள்ள திரைகளோ வரவர அகன்று வருகின்றன. எதனை வாங்குவது? திரை என்னும் பொருள் கடந்து வந்த வரலாற்றை அறிந்தவர்க்கு இதற்கு விடை காண்பது எளிது.

1897ஆம் ஆண்டில், ஜேர்மானிய அறிஞரான கார்ல் பேர்டினான்ட் பிரவுண் கதோட்டுக் கதிர்க் குழாயை ஆக்கினார். வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குழாயின் கழுத்திலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றை, முகப்பிற் பூசிய பொருளைத் தாக்கி ஒளிரச் செய்யும். தொலைக்காட்சிக்கும், பின்னர்க் கணினிக்கும் இக்குழாயே முகமாயிற்று. ஆயினும் அதற்கு ஓர் இயல்பு உண்டு. கற்றை ஒரு முனையிற் புறப்பட்டு முகப்பின் நான்கு மூலைகளையும் எட்டவேண்டும். ஆதலால் முகப்பு அகல அகல, குழாயும் பின்னோக்கி நீள வேண்டியதாயிற்று.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டபோது, கணினிப் பெட்டியைக் கிடையாக வைத்து அதன் தலைமேல் திரையை ஏற்றி வைக்கும் வழக்கம் பரவியது. மேசையில் இடம் போதாமைக்கு அக்காலத்தார் கண்ட பரிகாரம் அது. பின்னர் வந்த 17 அங்குலக் குழாய்த்திரை முன்பின்னாக ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் இடத்தை விழுங்கியது. 45 சென்ரிமீற்றர் ஆழமுள்ள மாணவர் மேசையில் அதனை வைத்தால், விசைப்பலகைக்கு எஞ்சுவது 5 சென்ரிமீற்றரே. மேசையைச் சுவரிலிருந்து முன்னே இழுத்து, குழாயின் பின்புறத்துக்கு வழிவிட்ட கணினி அறைகள் பல.

இந்நிலையை மாற்றியது திரவப் பளிங்கு. அதன் இயல்பை 1888ஆம் ஆண்டில் ஒஸ்திரியத் தாவரவியலறிஞர் பிரீட்ரிக் ரைனிற்சர் முதலிற் கண்டறிந்தார். அது காட்சித் திரையாகும் என்பதை 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் உலகுக்குக் காட்டியது. 2000ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டுக்குள் குழாய்த்திரை மேசைகளை விட்டு அகன்றது. தட்டைத் திரைக்குத் தாங்கியோடு 20 சென்ரிமீற்றர் ஆழம் போதும்.

ஆழம் குறைந்தது, இடர் தீர்ந்ததா? தீரவில்லை, திசை மாறியது. பழைய திரைகள் 4க்கு 3 என்னும் விகிதத்தில் அமைந்தவை. பழைய சினிமாப் படச் சட்டத்தின் வழிவந்த விகிதம் அது. அதன் பின் 5க்கு 4 என்னும் விகிதத் திரைகளும் வந்தன. இன்று பெரும்பாலானவை 16க்கு 9 என்னும் விகிதத்தில் அகன்று கிடப்பவை. வணிகர் சொல்லும் அங்குலமோ, மூலைக்கு மூலை அளந்த மூலைவிட்டத்தின் நீளம்; அகலத்தையும் உயரத்தையும் அது வெளிப்படையாகச் சொல்வதில்லை. 5க்கு 4 விகிதத்திலமைந்த 19 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 38 சென்ரிமீற்றர், உயரம் 30. இன்றைய 24 அங்குலத் திரையின் அகலம் 53, உயரமோ அதே 30. ஐந்து அங்குலம் கூடியும் உயரத்திற் பயனில்லை; கூடியதெல்லாம் மேசையின் அகலத்தையே பிடித்துக்கொண்டது.

ஆகவே ஓர் எளிய கணக்கை நினைவிற் கொள்க. இன்றைய அகன்ற திரையின் அங்குல எண்ணை 2.2 ஆற் பெருக்கினால் அகலமும், 1.25 ஆற் பெருக்கினால் உயரமும் ஏறத்தாழச் சென்ரிமீற்றரில் வரும். சட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் சேர்த்துக்கொள்ளலாம். 60 சென்ரிமீற்றர் அகலமுள்ள மேசையில் 24 அங்குலத் திரை வைத்தால், அருகே அப்பியாசக் கொப்பி வைக்க இடமில்லை. 18.5 அங்குலத் திரையானால் 41 சென்ரிமீற்றர் போக, கொப்பிக்கு இடம் எஞ்சும். படிக்கும் பிள்ளைக்குக் கொப்பியும் திரையளவுக்கு வேண்டியதன்றோ?

பெரிய திரைதான் வேண்டுமெனில், பின்புறத்தில் 100 மில்லிமீற்றர் இடைவெளியில் நான்கு துளைகள் உள்ளனவா என்று பார்க்க. அவை சுவரிலோ, மேசை விளிம்பிற் பூட்டும் கையிலோ திரையைப் பொருத்துவதற்கானவை. தாங்கி நீங்கினால் திரையின் கீழே கொப்பி புகும். ஆனால் திரையின் மேல்விளிம்பு பிள்ளையின் கண்மட்டத்துக்கு மேலே போகலாகாது. கண்ணுக்கும் திரைக்கும் இடையே அரை மீற்றரேனும் இருத்தல் வேண்டும். சிறு மேசையிற் பெரிய திரையை வைத்து, பிள்ளையின் முகத்தை அதனோடு ஒட்டவைப்பது கல்விக்கு உதவாது, கண்ணை வருத்தும்.

தீவகத்தார்க்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மின்சாரம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவற்றிற் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின்திட்டம் அமைக்க 2022 மார்ச்சில் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்தன. டீசல் எரித்து மின்சாரம் பெற்ற தீவுகள் அவை. அங்கே ஒவ்வொரு வாட்டுக்கும் விலையுண்டு. பழைய குழாய்த்திரை 80 வாட் அளவில் உண்டது. இன்றைய 22 அங்குலத் திரைக்கு 25 வாட் அளவு போதும். மற்றொன்று பயணம். ஊர்காவற்றுறைக்குப் பண்ணைப் பாலத்தின் வழியே வாகனத்திற் கொண்டு போகலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானிற் படகேற்ற வேண்டும். அளவு பிழைத்ததென்று அதே பெட்டியை மறுபடி கடல் கடத்துவது இலேசான காரியமா?

வள்ளுவர் இடனறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது போரையும் அரசையும் பற்றியதாயினும், இல்லத்துக்கும் பள்ளிக்கும் பொருந்தும். கடைக்குப் போகுமுன் அளவுநாடாவை எடுங்கள். மேசையின் அகலத்தையும் ஆழத்தையும், அமரும் பிள்ளையின் கண்மட்டத்தையும் அளந்து ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். கடலின் நடுவே கோட்டை கட்டியவர்கள் திட்டை அளந்த பின்னரே கல்லை ஏற்றினார்கள். நாமும் மேசையை அளந்த பின்னரே திரையைப் படகில் ஏற்றுவோமாக.