தீப்புலனாய்வாளர்

தீப்புலனாய்வாளர் என்பவர் ஒரு தீ எங்கே தொடங்கியது, எதனால் பற்றியது, எவ்வாறு பரவியது என்பவற்றை, தீ அணைந்த பின்னர் எஞ்சும் தடயங்களைக் கொண்டு ஆராய்ந்து கூறுபவர் ஆவார். தீ தற்செயலானதா, எவரேனும் வைத்ததா என்ற கேள்வி நீதிமன்றத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் பெரும்பாலும் இவருடைய முடிவைச் சார்ந்தே தீர்க்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் இது தனித்த தொழிலாக வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் இப்பணி பல துறைகளிடையே பிரிந்து கிடக்கிறது. ஆகவே களப் பட்டறிவு இல்லாத ஒருவர் அத்துறைகளுள் ஒன்றின் வாயிலாகவே இதில் நுழைய இயலும். இக்கட்டுரை அவ்வழிகளை, ஆந்திரப் பிரதேச எல்லையை ஒட்டித் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ள திருத்தணி போன்ற ஒரு சிறு நகரிலிருந்து நோக்குகிறது.

பணி பிரிந்துள்ள விதம்

திருத்தணியில் ஒரு கடை எரிந்ததாகக் கொண்டால், முதலில் வருவது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. தீயை அணைத்த நிலைய அலுவலர் தம் அறிக்கையில் தீக்கான உத்தேசக் காரணத்தையும் குறிப்பிடுவார். உயிரிழப்போ குற்ற ஐயமோ இருப்பின் வழக்குப் பதிந்து விசாரிப்பது காவல்துறையின் பொறுப்பு. எரிந்த பொருள்களை ஆய்வகத்தில் சோதிப்பது தடய அறிவியல் துறை. மின்சாரத்தால் நேர்ந்த விபத்தாயின் 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161 ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளர் விசாரிக்கலாம். தொழிற்சாலையாயின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும், பட்டாசு அல்லது பெட்ரோலியக் கிடங்காயின் நடுவணரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் வரும். இழப்பீடு கோரப்பட்டால் காப்பீட்டு நிறுவனம் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரை அனுப்பும்.

இருப்புப்பாதையில் நிகழும் தீக்கு வழி வேறு. 2023 ஆகத்து 26 அன்று மதுரைத் தொடருந்து நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தனர். பயணிகள் விதியை மீறி உள்ளே கொண்டுவந்த எரிவளி உருளையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இதனை விசாரித்தவர் இரயில்வே பாதுகாப்பு ஆணையர். இவ்வாணையம் இரயில்வே அமைச்சகத்தின் கீழன்றி வானூர்திப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. விசாரிப்பவர் விசாரிக்கப்படும் துறைக்குக் கட்டுப்பட்டவராக இருத்தலாகாது என்பதே இவ்வமைப்பின் நோக்கம்.

தீயைப் பற்றவைத்தது எது என்பது புலனாய்வின் ஒரு பகுதி மட்டுமே. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்த பள்ளித் தீ, மதிய உணவு சமைத்த கூரைக் கொட்டகையில் தொடங்கியது என்பது விரைவில் அறியப்பட்டது. அதனினும் பெரிய கேள்வி, அத்தீ ஏன் அத்தனை உயிர்களைக் கொண்டது என்பதாகும். வகுப்பறைகளின் மேலிருந்த ஓலைக் கூரை, குறுகிய படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் அடைபட்ட மாணவர் எண்ணிக்கை ஆகியவை அதற்கு விடையாயின. இவற்றை நீதியரசர் சம்பத் தலைமையிலான விசாரணை ஆணையம் ஆராய்ந்தது. அடுப்பை மட்டும் நோக்கும் புலனாய்வாளர் இவ்விடையை அடையமாட்டார்.

பட்டறிவும் பிழையும்

இத்துறைக்குப் புதிதாக வருபவரிடம் நேரடிப் பட்டறிவு இல்லை என்பதே பெருங்குறையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இத்துறையின் வரலாறு இக்கருத்தை முழுமையாக ஆதரிக்கவில்லை. நீண்ட காலம் தீப்புலனாய்வு, மூத்தவர் சொல்ல இளையவர் கேட்கும் வாய்மொழி மரபாகவே இருந்தது. அம்மரபில் வந்த விதிகள் பல சோதனைக்கு உட்படுத்தப்படாதவை. கண்ணாடியில் சிலந்திவலை போன்ற நுண்ணிய வெடிப்புகள் காணப்பட்டால் தீ மிக விரைவாகச் சூடேறியது, ஆகவே எரிநெய் ஊற்றப்பட்டது என்பது அவ்விதிகளுள் ஒன்று. 1991 இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் எரிந்த வீடுகளை ஆராய்ந்தபோதும், பின்னர் ஆய்வகச் சோதனையிலும், அவ்வெடிப்புகள் சூடான கண்ணாடி மீது தீயணைப்பு நீர் பட்டுக் குளிர்வதால் தோன்றுபவை எனத் தெரியவந்தது.

அதே 1991 இல் புளோரிடா மாநிலத்தின் சாக்சன்வில் நகரில் மற்றொரு சோதனை நடந்தது. அங்கு ஆறு பேர் இறந்த ஒரு வீட்டுத் தீயில் எரிநெய் ஊற்றிய தடம் உள்ளதெனக் கருதி ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது. அரசுத் தரப்பு வல்லுநர்கள் தம் கருத்தை உறுதிப்படுத்த, அடுத்திருந்த அதே அமைப்புள்ள வீட்டில் இருக்கையொன்றை மட்டும் கொளுத்தி எரியவிட்டனர். ஐந்து மணித்துளிக்குள் அறை முழுவதும் பற்றிக்கொண்டது. எரிநெய் ஏதுமின்றியே தரையில் அதே போன்ற தடங்கள் விழுந்தன. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அறையின் மேற்பகுதியில் சேரும் வெப்பவளியின் கதிர்வீச்சால் உள்ளிருக்கும் பொருள்கள் யாவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றும் இந்நிலை பிளாஷ்ஓவர் எனப்படும். இந்நிலையைக் கடந்த அறையில் எரிந்த தடத்தைக் கண்ணால் பார்த்துத் தீ தொடங்கிய இடத்தைச் சொல்வது மிகக் கடினம். 2005 இல் லாஸ் வேகாசில் இவ்வாறு எரிக்கப்பட்ட அறையொன்றைப் பார்வையிட்ட 53 புலனாய்வாளர்களுள், தீ தொடங்கிய கால்பகுதியைச் சரியாகச் சொன்னவர்கள் மூவர் மட்டுமே.

இப்படிப்பினை அனைவரையும் உரிய காலத்தில் சென்றடையவில்லை. டெக்சாசு மாநிலத்தில் 1991 திசம்பரில் தம் மூன்று மகள்கள் இறந்த வீட்டுத் தீயை வைத்ததாகக் கேமரன் டாட் வில்லிங்காம் என்பவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு எதிராகச் சாட்சியமளித்த தீப்புலனாய்வு அதிகாரி 1,200 க்கும் மேற்பட்ட தீ நிகழ்வுகளை ஆராய்ந்தவர். தண்டனை 2004 பெப்ரவரி 17 அன்று நிறைவேற்றப்பட்டது. 2009 இல் அம்மாநிலத் தடய அறிவியல் ஆணையத்திற்காக அறிக்கை தந்த தீப்பொறியியலாளர் கிரேக் பெய்லர், தீ வைக்கப்பட்டது என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றார். எண்ணிக்கையால் அளக்கப்படும் பட்டறிவு, சரிபார்க்கப்படாதபோது, ஒரே பிழையை ஆயிரம் முறை செய்ததாகவும் இருக்கக்கூடும்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1992 இல் முதலில் வெளியிட்ட 921 ஆம் எண் வழிகாட்டி, கருதுகோளை அமைத்துச் சான்றுகளால் சோதிக்கும் அறிவியல் முறையை இத்துறைக்கு வகுத்தது. அச்சங்கத்தின் 1033 ஆம் எண் தரநிலை புலனாய்வாளரின் தகுதிகளைக் கூறுவது. அதன் 2014 பதிப்பு, தீ வேதியியல், வெப்ப இயக்கவியல், மின்னியல், சான்று பேணல் உள்ளிட்ட 16 பாடங்களைப் பட்டியலிட்டது. இவை அனைத்தும் நூல்வழித் தொடங்கக்கூடியவை என்பது புதியவருக்கு ஆறுதலானது.

இந்தியச் சூழல்

நாளிதழ்களில் பெரும்பாலான தீக்கு 'மின்கசிவே காரணம்' எனச் சாம்பல் ஆறும் முன்பே எழுதப்படுகிறது. எரிந்த இடத்தில் உருகித் திரண்ட செப்புக்கம்பி கிடைப்பது இதற்குப் போதிய சான்றன்று. மின்னோட்டமுள்ள கம்பியின் காப்புறை வெளித்தீயால் எரிந்தாலும் கம்பிகள் தொட்டுக்கொண்டு அவ்வாறே உருகும். செம்பு உருகும் வெப்பநிலை 1085 °செ. ஆகும்.

அடுப்பு வெடித்து மணமான பெண் இறந்ததாகக் கூறப்படும் வழக்குகள் இந்தியத் தீப்புலனாய்வின் தனிப் பகுதி எனலாம். மண்ணெண்ணெய் அடுப்பின் கலன் உண்மையிலேயே பிளந்துள்ளதா, எண்ணெய் உடையின் எப்பகுதியில் உள்ளது, மூச்சுக்குழலில் புகைக்கரி உள்ளதா என்பன நோக்கப்படும். கரி இருப்பின் தீப்பற்றியபோது அவர் மூச்சுவிட்டார் என்பது பொருள். திருமணமாகி ஏழாண்டுக்குள் நிகழும் இத்தகைய இறப்பில் நிருவாக நடுவரின் விசாரணையும் உண்டு. தமிழ்நாட்டில் இதனை வருவாய்க் கோட்டாட்சியர் நடத்துவார். திருத்தணி ஒரு வருவாய்க் கோட்டத் தலைமையிடமாதலால் இவ்விசாரணை அந்நகரிலேயே நடைபெறும். தவறான முடிவு இங்கு ஒரு கொலையை விபத்தாக்கும், அல்லது குற்றமற்ற குடும்பத்தைச் சிறைக்கு அனுப்பும்.

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழிடத்திற்குச் செல்ல வேண்டும் என்கிறது. இதனை மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். வீட்டுக்குத் தீ வைத்தல் இவ்வரம்புக்குள் வருவதால், களத்திற்குச் செல்லும் அறிவியலாளரின் தேவை இனி மிகும்.

நுழையும் வழிகள்

தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலர் பணிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பட்டதாரிகளைத் தேர்வு செய்கிறது. முன்பட்டறிவு தேவையில்லை, பயிற்சி அளிக்கப்படும். எரியும் தீயை நேரில் காண்பதற்கு இதுவே சிறந்த வழி. எனினும் இப்பணியின் முதன்மை நோக்கம் அணைப்பதும் மீட்பதுமே ஆகும். அணைக்கும் நீர் சான்றுகளை அடித்துச் செல்வதும் உண்டு.

அறிவியல் பட்டதாரிக்கு உகந்தது தடய அறிவியல் துறை. 1849 இல் சென்னையில் தொடங்கிய வேதியியல் ஆய்வாளரகம் இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. இத்துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. முதுகலை வேதியியல் அல்லது இயற்பியல் படித்தோர் இதனை நாடலாம். எரிந்த துணியிலும் மண்ணிலும் தங்கிய எரிநெய்யை வளிம நிறச்சாரல் பிரிகையால் கண்டறிவது இங்குள்ள அன்றாடப் பணிகளுள் ஒன்று.

காப்பீட்டு வழி பலருக்குத் தெரியாதது. பொறியியல் பட்டம் போன்ற தகுதியுடையோர் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் பயிற்சியாளராகப் பதிந்து, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் கீழ்ப் பயிற்சி பெற்று, தேர்வெழுதி உரிமம் பெறலாம். பயிற்சிக் காலம் ஓராண்டுக்கு மேற்படாது. பட்டறிவு இல்லாமையை முறையான பயிற்சியால் ஈடுசெய்யும் ஏற்பாடு இவ்வழியில் விதியிலேயே உள்ளது. திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, பள்ளிப்பட்டு, ஆர். கே. பேட்டை பகுதிகளின் விசைத்தறிக் கூடங்கள் போன்றவை இப்பகுதி மதிப்பீட்டாளர் அறிந்திருக்க வேண்டிய இடங்கள். குவித்த கரும்புச் சக்கை தானே சூடேறிப் பற்றுவதையும், தறிக்கூடத்தின் பஞ்சுத்தூசு தீயைக் கடத்துவதையும் நூலில் படித்தவர் இங்கு நேரில் அறியலாம்.

பள்ளி முடித்தவுடன் தீப்பொறியியல் படிக்க விரும்புவோருக்கு நாக்பூர் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி உள்ளது. 1956 இல் ராம்பூரில் தொடங்கி மறு ஆண்டே நாக்பூருக்கு மாறியது இது.

தொடக்க நிலைப் பணி

புதியவருக்கு முதலில் தரப்படும் வேலை முடிவு கூறுவதன்று. ஒளிப்படம் எடுத்தல், அளவுப்படம் வரைதல், சான்றுகளைக் கட்டி முத்திரையிடல் ஆகியனவே. இவற்றில் நேரும் சிறு பிழையும் வழக்கைக் குலைக்கும். எடுத்துக்காட்டாக, எரிநெய் ஐயமுள்ள மண்ணைச் சாதாரணப் பாலித்தீன் பையில் இட்டால் ஆவி கசிந்து வெளியேறிவிடும். காற்றுப் புகாத உலோகக் கலன் அல்லது அதற்கான நைலான் பை வேண்டும். ஐயத்திற்கு இடமில்லாத பகுதியிலிருந்தும் ஒப்பீட்டு மாதிரி எடுக்கப்பட வேண்டும். இல்லையேல் பாயிலோ தரைவிரிப்பிலோ இயல்பாக உள்ள வேதிப்பொருள் எரிநெய்யாகத் தோன்றக்கூடும்.

எல்லைப்புற நகரில் மற்றொரு நடைமுறையும் அறியத்தக்கது. சில கல் தொலைவிலுள்ள நகரியில் நிகழும் தீ ஆந்திரப் பிரதேசக் காவல்துறைக்கு உரியது. அதன் சான்றுகளும் அம்மாநில ஆய்வகத்திற்கே செல்லும். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் அளிக்கலாம் எனினும், அது உரிய நிலையத்திற்கு மாற்றப்படும்.

பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 39 ஆம் பிரிவு வல்லுநரைத் தனித்திறன் பெற்றவர் என்று மட்டுமே கூறுகிறது, ஆண்டுக் கணக்கு எதையும் விதிக்கவில்லை. அரசு ஆய்வக இயக்குநர் போன்ற சில அரசு அறிவியல் வல்லுநர்களின் அறிக்கையை அவரை அழைக்காமலேயே நீதிமன்றம் சான்றாக ஏற்கலாம். தனியார் வல்லுநர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். அங்கு அவர் காட்ட வேண்டியது, எந்த மாற்றுக் காரணங்களை எச்சான்றால் விலக்கினார் என்பதாகும்.